நிழல் மேயும் கிடை

சூறைவெளியில் மாட்டை யாரும் யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள், யாரிடமிருந்தும் வாங்கவும் மாட்டார்கள். களவாண்டு வந்தால்தான் மாடு, கையில் பிடித்துக் கொடுத்தால் அது பிணம் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு, அந்தப் பேச்சைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் அந்த இரண்டு கூட்டத்தாரும் தலைமுறை தலைமுறையாகச் சீரழிந்துகொண்டிருந்தார்கள். வறண்ட ஆற்றுக்கு மேற்கே கிடை போட்டவர்கள் மேலக்கிடையார், கிழக்கே போட்டவர்கள் கீழக்கிடையார். புல் இருக்கும் இடத்தில் முள்ளை வெட்டிப் பட்டியை அடைத்து, புல் தீர்ந்ததும் கூடாரத்தைச் சுருட்டி எருதின் முதுகில் ஏற்றிக்கொண்டு அடுத்த புல்லைத் தேடிப் போகிற சனங்கள். வெளி எவ்வளவோ அகலமாகக் கிடந்தும், ஒரு கூட்டம் வடக்கே நகர்ந்தால் மற்றதும் வடக்கே நகரும், தெற்கே நகர்ந்தால் அதுவும் தெற்கே நகரும், ஏனென்றால் பகையாளியின் அடுப்புப் புகை கண்ணில் படாவிட்டால் இவர்களுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

இப்படி அங்குமிங்கும் ஓட்டிப் போனதிலும் மீட்டு வந்ததிலும், உண்மையைச் சொன்னால், இரண்டு பக்கத்திலும் இருந்தது ஒரே மாட்டுக் கூட்டம்தான். மேற்கில் மயிலை என்று கூப்பிட்டுக் கறந்த பசுவைக் கிழக்கில் பூதி என்று கூப்பிட்டுக் கறந்தார்கள், அதுவும் இரண்டு பெயருக்கும் தலையை ஆட்டிவிட்டு அசைபோட்டது. கொள்ளைக்கு வருகிறவர்கள் கொம்பை ஊதி, மார்பைத் தட்டி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவதற்கு முன்பாகவே மாடுகள் எழுந்து, சோம்பல் முறித்து, போகவேண்டிய திசையைப் பார்த்து நின்றுவிடும். இதற்குத்தான் ஆம்பிளைகள் செத்தார்கள். செத்தவனுக்கு ஆற்றங்கரையில் ஒரு கல், கல்லின்மேல் கத்தியும் கேடயமுமாக, அவனுடைய சாயல் துளியும் இல்லாத ஓர் உருவம். அந்தக் கற்களால் உலகத்துக்கு ஏதாவது நன்மை உண்டென்றால், முதுகு அரித்த மாடுகள் போய் அவற்றில் உரசிக்கொண்டன என்பது மட்டும்தான்.

இப்படிச் சொன்னவள் மேலக்கிடை அங்காயி, சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறவளும் அல்ல. அந்தக் கரையில் அவளுக்கே இரண்டு கற்கள் நின்றன, ஒன்று புருஷன், ஒன்று மூத்த மகன். விசேஷ நாளில் மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் கல்லுக்குப் பால் ஊற்றிக் கும்பிட, அங்காயி மோர் ஊற்றினாள், அதுவும் புளித்த மோர். மிச்சம் இருந்தவன் இளையவன் சிட்டான். மீசை கறுத்து, கல்யாண வயது வந்து, அந்த வயதும் மெல்லத் தாண்டிக்கொண்டிருந்தது. கன்று ஈன முடியாமல் திணறும் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் காதில் என்னத்தையோ பேசிப் பேசியே கன்றை இறக்கிவிடுவான், ஆனால் கையில் கத்தியைக் கொடுத்தால் வெங்காயம் நறுக்கப் போகிறவன் மாதிரிப் பிடிப்பான். அவன் கல்லாகாமல் கிழவனாக வேண்டும், பல் விழுந்து, கஞ்சியைத் தாடியில் ஒழுகவிட்டு, மருமகளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அங்காயிக்கு இந்த உலகத்தில் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்தக் காற்றுக்காலத்தில் ஒரு நாள் விடிந்த பிறகு, வெயில் முதுகில் சுடத் தொடங்கிய நேரத்தில் கீழக்கிடையார் வந்தார்கள். மேலக்கிடை ஆம்பிளைகள் முந்தின நாள் கல்யாணக் கள்ளில் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள், அதனால் ஒருவனும் சாகவில்லை, ஒருவனும் சாகாததுதான் பிற்பாடு பெரிய கேவலமாகப் பேசப்பட்டது. கொம்பு ஊதியது, கூச்சல் எழுந்தது, மாடுகள் வழக்கம்போல எழுந்து வழக்கமான தடத்தில் ஆற்றுக்குள் இறங்கிப் போயின. புழுதி அடங்கியபின் பெண்கள் போய்ப் பட்டிக்குள் எட்டிப் பார்த்தால், மாடுகளைக் காணோம், மாடுகளின் நிழல்கள் மட்டும் இருந்தன, தரையோடு தரையாக, காதை ஆட்டிக்கொண்டு, வாலால் ஈ ஓட்டிக்கொண்டு. "ஏட்டி, நிழல விட்டுட்டுப் போயிட்டானுவ" என்று ஒருத்தி சொன்னாள், விருந்துக்கு வந்தவன் துண்டை மறந்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோல.

குழந்தைகள் பசியில் அழுதன. அங்காயிதான் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மயிலையின் நிழலுக்குப் பக்கத்தில் குந்தி, மடி இருக்கவேண்டிய இடத்தில் தரையைத் தடவினாள், தரை வெதுவெதுவென்று இருந்தது. காம்பு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு விரலால் நீவினாள், உள்ளங்கை நனைந்தது. அதன் பிறகு அவள் செய்ததைத்தான் எல்லாப் பெண்களும் செய்தார்கள்: மடிக்குக் கீழே சின்னக் குழி பறித்து, செம்பை வாய்மட்டம் புதைத்து வைத்து, முழந்தாளிட்டுக் கறந்தார்கள். பால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. உறை ஊற்றினால் தயிர் உறைந்தது, கடைந்தால் வெண்ணெய் மட்டும் திரளவில்லை. குடித்தால் வயிறு நிறைந்தது, ஏப்பம்தான் வரவில்லை, ஏப்பம் வராததை ஒரு குறையாகச் சொன்னவர்கள் ஆம்பிளைகள் மட்டுமே.

எந்த அதிசயமும் பிழைப்புக்குள் வந்துவிட்டால் அதற்கும் நேரம் காலம், சண்டை சச்சரவு என்று வந்துவிடுகிறது. காலையிலும் மாலையிலும் நிழல் நீண்டு மடி பெருத்தது, பால் அதிகம். உச்சிவேளையில் மாடுகள் சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அகலத்துக்கு வந்து தூங்கின, அப்போது அவற்றைத் தொடக் கூடாது. மேகம் மூடினால் பால் இல்லை, அப்படிப்பட்ட நாளில் வறட்டியைக் கூட்டித் தீ மூட்டினால் அந்த வெளிச்சத்தில் நிழல்கள் தள்ளாடிக்கொண்டு எழுந்து வந்தன, ஆனால் பாலில் புகை வாடை அடித்தது. மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனால் அவை புல்லின் நிழலைத்தான் மேய்ந்தன, மேய்ந்த இடத்தில் புல் அப்படியே பச்சையாக நின்றது, அதன் நிழலை மட்டும் காணோம். புல் தீராததால் கூடாரத்தைச் சுருட்ட வேண்டியிருக்கவில்லை, பிறந்தது முதல் சுருட்டியும் விரித்துமே இடுப்பொடிந்த பெண்கள் முதல்முறையாகக் கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். சாயங்காலத்தில் ஒருத்தி மாட்டின் மடி நீண்டு அடுத்தவள் வாசலில் போய் விழும், வாசலில் விழுந்தது எனக்குத்தான் என்று அவள் செம்பைப் புதைப்பாள், கொஞ்ச நாள் அதற்காக மயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டுவிட்டு, பிறகு அலுத்துப்போய் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் சாகாமல் ஒரு வழக்குத் தீர்ந்தது அந்த வெளியில் அதுதான் முதல் தடவை.

ஆனால் ஆம்பிளைகளின் முகம் மட்டும் தொங்கியே கிடந்தது. சாப்பிட்டார்கள், நன்றாகவே சாப்பிட்டார்கள், சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். மேலக்கிடைக்குத் தலைவனான கீதாரி, இடிக்கொம்பன், அங்காயிக்குக் கொழுந்தன், அண்ணன் கல்லாகிப்போன பிறகு கீதாரிக்கோல் அவன் கைக்கு வந்தது. அந்தக் கோலைத் தரையில் ஊன்றி அவன் ஆம்பிளைகளைக் கூட்டினான், அங்காயியும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தாள்.

"போயி மாட்ட மீட்டாகணும்" என்றான் இடிக்கொம்பன்.

"பால் வருதுல்ல கொழுந்தனாரே? தயிர் வருதுல்ல? அப்புறம் என்ன வரலன்னு மீசைய முறுக்குறீரு?"

"மானம் வரல மதினி."

"அது எந்த மாட்டுல கறக்குறது? சொல்லும், நானும் செம்பத் தூக்கிட்டு வாரேன்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. இடிக்கொம்பனுக்குக் காது சிவந்துவிட்டது. "நிழலக் கறந்து குடிச்ச பயலுவன்னு நாளைக்குப் பாட்டுக் கட்டிப் பாடுவான் மதினி, தெரியுமா?"

"பாடிட்டுப் போறான். பாட்டுக் கேட்டு எவனுக்கும் கொடல் சரிஞ்சதில்ல. நிழல் இருக்கு, அது போதும் நமக்கு. போன மாட்டோட வெறும் தோலும் கொம்புந்தான் போயிருக்கு, அத அவனே வச்சுக்கிட்டு அழட்டும்."

அவள் சொன்னது நியாயம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது, நியாயம் என்று தெரிந்ததனாலேயே அவர்களுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒருவன் எழுந்து நான் வருகிறேன் என்றான், இன்னொருவன் நானும் என்றான், எழாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான் என்பதற்காகவே ஒவ்வொருவனாக எழுந்தான், அப்படி எழுந்தவர்களுக்குள் சிட்டானும் இருந்தான். அவன் இடுப்பில் அப்பன் கத்தி செருகியிருந்ததைப் பார்த்ததும் அங்காயி எழுந்து அவன் கையைப் பிடித்தாள். கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"எதுக்குடா நீ?"

"எல்லாவனும் சிரிக்கிறான் ஆத்தா. மாட்டுக்கு மருத்துவச்சிங்கிறான்."

"மருத்துவச்சிதான. அதுல என்னடா கொறச்சல்? நீ இறக்குன கன்னுலதான இத்தன பேரும் பால் குடிச்சானுவ?"

"உனக்கு இதெல்லாம் புரியாது ஆத்தா."

ஆம்பிளை ஒருவன் முட்டாள்தனம் ஒன்றைச் செய்யக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் இருக்கும் பெண்ணிடம் இதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறான். அவள் புருஷனும் இதைத்தான் சொன்னான், மூத்தவனும் இதே சொல்லைத்தான் சொன்னான். அங்காயி அவன் காலைப் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் அவனை அதற்கும் சேர்த்துச் சிரித்திருப்பார்கள்.

போனார்கள். முதலில் குடித்தார்கள், பிறகு கொம்பை ஊதினார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் காதில் நன்றாக விழுந்து, அவர்களும் குடித்து, அவர்களும் ஊதி, தயாராக நிற்கும்வரை இந்தக் கரையில் மார்பைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், அதற்குப் பிறகு போனார்கள். பொழுது சாயும் முன்பே திரும்பி ஓடிவந்தார்கள். ஒரு நொண்டி வெள்ளாடு கிடைத்திருந்தது. அதையும் யாரும் பிடித்துவரவில்லை, ஓடியவர்களின் பின்னால் என்னவென்று பார்க்க அதுவாகவே வந்தது. அந்த ஆட்டுக்கு மாலை போட்டார்கள், கீதாரிக்கோலால் அதன் நெற்றியைத் தொட்டார்கள், வெற்றி வெற்றி என்றார்கள். அந்தக் கூட்டத்தில் சிட்டான் இல்லை.

நடந்தது இதுதான். எல்லோரும் ஓடிய வழியில் ஒரு பசு ஈன முடியாமல் விழுந்து கிடந்தது, கன்றின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. சிட்டான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழக்கிடையார் வந்து கழுத்தில் கயிற்றைப் போட்டபோது அவன் கை முழங்கைவரை பசுவுக்குள் இருந்தது, "செத்த பொறுங்கய்யா" என்றானாம், அவர்களும் பொறுத்தார்களாம், கன்று விழுந்த பிறகுதான் கட்டிக்கொண்டு போனார்கள். பிடிபட்ட ஆள் சூறைவெளியில் மாட்டோடு சேர்த்தி. அவனைக் கேட்டு வாங்க முடியாது, அவர்களும் விட்டுக் கொடுக்க முடியாது, இவர்கள் போய் ரத்தம் சிந்தி மீட்டுக்கொண்டு வந்தால்தான் உண்டு.

அன்று சாயங்காலம் சிட்டானின் நிழல் மட்டும் ஆற்றைக் கடந்து, மெல்ல நடந்து வந்து, அங்காயியின் கூடாரத்து வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அங்காயி பார்த்துக்கொண்டே நின்றாள். இடிக்கொம்பன் வந்தான், ஊரும் அவன் பின்னால் வந்தது.

"மதினி, நீங்கதான சொன்னீங்க, நிழல் இருந்தாப் போதும்னு" என்றான் இடிக்கொம்பன். அவன் குரலில் கேலிகூட இல்லை, அவ்வளவு நிம்மதி இருந்தது. "இந்தா வந்துருச்சுல்ல. இனி அழ என்ன இருக்கு?"

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். மாட்டின் நிழலுக்குப் பழகியவர்களுக்கு மனுஷன் நிழலுக்குப் பழக ஒரு பொழுதுகூடப் பிடிக்கவில்லை. போகிறபோதும் வருகிறபோதும் "என்ன சிட்டா, சௌக்கியமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்கள். சோறு கேட்காத பிள்ளை, எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று மெச்சினார்கள். பெண் வைத்திருந்த ஒருத்தி, மாப்பிள்ளை ரொம்ப சாது, எங்கள் மகளைக் கேளுங்களேன் என்று சாடையாகப் பேசிவிட்டுக்கூடப் போனாள். அங்காயி அவள் போன திசையில் காறித் துப்பினாள்.

கலயத்தில் கஞ்சி ஊற்றி அந்த நிழலின் முன்னால் வைத்தாள். அது குனிந்தது, கையைக் கலயத்துக்குள் விட்டது, கஞ்சி குறையவில்லை. தலையைத் தடவினாள், மண்தான் கையோடு வந்தது. மாட்டிடம் அவள் கேட்டது பால், பாலைக் கொடுத்தால் அது நிழலாக இருந்தால் என்ன, கல்லாக இருந்தால் என்ன. மகனிடம் அவள் எதையுமே கேட்டதில்லை. இருமலும் பேச்சும் வியர்வை நாற்றமுமாக அவன் கூட இருந்தால் போதும் என்றிருந்தாள், அவளுக்கு வேண்டியிருந்த அந்த ஒன்றைத்தான் நிழலால் கொடுக்க முடியவில்லை. தான் வாயால் சொன்ன சொல்லே தன் வாயை அடைத்ததை நினைத்து அங்காயி தன்னையும் ஒருபாடு ஏசிக்கொண்டாள். அவளுடைய ஏச்சிலிருந்து தப்பியவர்கள் என்று யாருமே கிடையாது.

இரண்டு கரைக்கும் போய்வருகிறவன் உப்பு விற்கிறவன் ஒருவன்தான், அவனை யாரும் வெட்டுவதில்லை, வெட்டினால் உப்பு வராது. அவன் வந்து கிழக்குச் சேதி சொன்னான். நிழல் இல்லாத மாடுகள் அங்கே படுக்கவே மாட்டேன் என்கின்றனவாம். மாடு தன் நிழல்மேல்தான் படுக்கும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. நின்றபடியே அசைபோட்டு, நின்றபடியே தூங்கி, கால் வீங்கி, மடி வற்றி நிற்கின்றனவாம். கீழக்கிடைக் குழந்தைகள் வெறும் புளிச்சாற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கின்றனவாம். "உன் பையன்தான் ஆத்தா அதுகளோட காலுக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டுத் திரியிறான், அவனுக்கும் படுத்தா ஒறக்கம் வரமாட்டேங்குதாம், ஆளு துரும்பாப் போயிட்டான்" என்றான்.

அங்காயி கொழுந்தனிடம் போகவில்லை. போனால் அவன் மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்பான், அல்லது கிளம்புகிறோம் என்பான், இரண்டும் ஒன்றுதான். மறுநாள் காலை, நிழல்கள் நீண்டு கிடந்த நேரத்தில், அவள் பட்டிப்படலைத் திறந்தாள். மயிலையே பூதியே, செவலையே காளியே என்று ஒவ்வொன்றையும் மேற்குப் பெயரும் கிழக்குப் பெயருமாகச் சேர்த்துக் கூப்பிட்டாள். நிழல்கள் எழுந்து வந்தன. மகனுடைய நிழலும் எழுந்து வந்தது. ஆம்பிளைகள் அடுத்த மீட்புக்கு யார் முன்னால் போவது, யார் கொம்பு ஊதுவது என்று மரத்தடியில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள், அவள் கடந்து போனபோது இடிக்கொம்பன் திரும்பி, "எங்க மதினி?" என்றான். "மேய்க்க" என்றாள். அவர்கள் மறுபடி கொம்புப் பேச்சில் இறங்கிவிட்டார்கள்.

கறுத்த தண்ணீர் ஓடுவதுபோல அந்த நிழல்கள் ஆற்றுமணலில் ஓடிப்போய் அக்கரை ஏறின. கீழக்கிடையின் பட்டி வாசலில் அங்காயி நின்றாள். அந்தப் பக்கத்துக் கீதாரியின் பெயர் புலிக்குத்தி, அவருடைய பாட்டன் புலியைப் பார்த்துப் பயந்து ஓடியபோது கையிலிருந்த ஈட்டி தவறி விழுந்து அதைக் குத்தியதில் வந்த பட்டம் அது. எலும்பும் தோலுமாக நின்ற மாடுகளுக்கு நடுவிலிருந்து அவர் வந்தார்.

"என்ன தாயி இது?"

"உங்க மாட்டோட நெழலு. கொண்டாந்திருக்கேன். வச்சுக்கிட்டு எம்புள்ளைய அனுப்புங்க."

"கொண்டாந்திருக்கேன்னா என்ன அர்த்தம்?"

"குடுக்குறேன்யா. காது கேக்கலையா? குடுக்குறேன்."

ஒரு பெண் சட்டென்று தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். அதற்குள் நிழல்கள் பட்டிக்குள் நுழைந்துவிட்டன, ஒவ்வொன்றும் தன் தன் மாட்டின் காலடியில் போய் ஒட்டிக்கொண்டது, எத்தனையோ நாளாக நின்றுகொண்டே இருந்த மாடுகள் ஒரு பெருமூச்சு விட்டு மடங்கிப் படுத்தன. பட்டி முழுக்க அந்தப் பெருமூச்சு கேட்டது. கீழக்கிடைப் பெண்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் யாரோ ஒருவன் முணுமுணுத்தான், இது குடுத்த மாடு ஆயிருச்சே என்று. படுத்திருந்த மாடுகளைவிட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். குடுத்த மாட்டின் பாலைப் பிள்ளைகளுக்கு ஊற்ற முடியாது, குடுத்த மாட்டை விரட்டுவதற்காகத் தொட்டாலும் வாங்கியதாக ஆகிவிடும். புலிக்குத்தி மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அங்காயியிடம் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும், கல்யாணத்துல செய்றாப்புல செஞ்சுக்குவமே" என்றார். கல்யாணத்தில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வழக்கம்தான்: பெண்ணின் அப்பன் பட்டப்பகலில் படுத்துக் கண்ணை மூடிக் குறட்டை விடுவான், மாப்பிள்ளை பூனைபோல வந்து பசுவை அவிழ்த்துக்கொண்டு போவான், தவறான பசுவை அவிழ்த்துவிட்டால் குறட்டையின் நடுவிலேயே "அது இல்ல, அந்தச் செவல" என்று குரல் வரும். "நீ அந்தாண்ட திரும்பி நில்லு, நாங்க மாட்டக் களவாண்டுக்கிறோம். அப்புறம் நாங்க படுத்துக்கிறோம், நீ புள்ளையக் களவாண்டுக்க."

அங்காயிக்கு வாயில் எச்சில் ஊறியது, அவர் முகத்தில் துப்பலாமா என்று இருந்தது. இந்தக் கூத்துக்குத்தான் ஒரு புருஷனையும் ஒரு பிள்ளையையும் வாரிக் கொடுத்தாள். ஆனால் பட்டியின் மூலையில், கழுத்தில் கயிற்றுடன், கன்னம் ஒட்டிப்போய், சிட்டான் நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் எச்சிலை விழுங்கிக்கொண்டு திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் கீழக்கிடையின் வீரர்கள் பதுங்கிப் பதுங்கி வந்து, தங்கள் பட்டிக்குள் படுத்திருந்த தங்கள் மாடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் களவாண்டார்கள். அது முடிந்ததும் "ஆச்சு தாயி" என்று சத்தம் வந்தது. அவள் திரும்பியபோது கீழக்கிடை முழுக்க, கீதாரியும் வீரர்களும் பெண்களும் குழந்தைகளும், காலை வெயிலில் மண்ணில் மல்லாந்து கிடந்து, கண்ணை இறுக மூடி, ஊரே அதிரும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்காயி மூலைக்குப் போய்க் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். "வாடா."

சிட்டான் அசையவில்லை. அவனுடைய நிழல் அவன் காலடிக்கு வந்தது. அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். நிழல் மறுபடி நெருங்கியது, அவன் மறுபடி விலகினான், தன் நிழலைத் தானே மிதிக்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துத் தத்தளித்தான்.

"என்னடா?"

"நீ குடுத்துத்தான நான் வாரேன்? எல்லாருக்கும் தெரியும் ஆத்தா, இந்தக் கொறட்ட பொய்யின்னு."

"பொய்தான். உலகத்துல உள்ள கொறட்ட பூராம் பொய்யாவே இருந்துட்டுப் போவுது. நீ வா."

"நம்ம ஆளுக வந்து வெட்டி மீட்டா நான் வருவேன். அதுதான் எனக்கு மரியாத. பொம்பள குடுத்து வாங்குன ஆளுன்னா நாளைக்கு எவன் முகத்துல முழிப்பேன்?"

அங்காயி அவனையே பார்த்தாள். அவன் தொண்டையும், வெங்காயம் நறுக்கும் அந்தக் கைகளும், கன்றுகளோடு பேசும் அந்த வாயும் எல்லாம் அவள் பெற்றவைதான், உள்ளே இருந்து பேசியது மட்டும் இடிக்கொம்பன். பத்து மாதம் சுமந்ததை ஒரு சிரிப்பில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், எந்த மாட்டையும் இவ்வளவு சுத்தமாக எவனும் களவாண்டதில்லை. அவளுக்கு நெஞ்சு வலித்தது, வலித்த அதே இடத்தில் அருவருப்பும் வந்தது, பெற்ற பிள்ளைமேல் அருவருப்பு வருவதைப்போல ஒரு தண்டனை தாய்க்கு வேறு இல்லை.

அந்த நேரத்தில் மாடுகள் எழுந்தன. படுத்து ஆறிய மாடுகளுக்குத் தாகம் எடுத்திருக்க வேண்டும். படல் திறந்தே கிடந்தது. குறட்டை விடுகிறவர்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, மயிலை முன்னால் போக, எல்லா மாடுகளும் தங்கள் நிழலோடு வெளியேறி ஆற்றுப்படுகைக்குள் இறங்கின. மேற்கே ஏறவும் இல்லை, கிழக்கே திரும்பவும் இல்லை, மணல் ஈரத்தில் முளைத்திருந்த கோரையைக் கடித்துக்கொண்டு, ஆற்றின் போக்கிலேயே, யாருடையதும் இல்லாமல் தெற்கே நடந்தன. ஒருவரும் பார்க்கவில்லை, கண்ணைத் திறந்தால் களவு கெட்டுவிடும்.

அங்காயி குனிந்து மகனுடைய நிழலிடம், "நீயாவது வாடா" என்றாள். அது ஒரு கணம் சிட்டானை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அவள் பக்கம் நகர்ந்தது. அவள் படலைத் தாண்டி, மணலில் இறங்கி, மாடுகள் போன தடத்தில் நடக்கத் தொடங்கினாள், நிழல் ஒரு எட்டுப் பின்னால் வந்தது.

"ஆத்தா!"

சின்னப் பிள்ளையில் கூப்பிட்ட அதே குரல். அந்தக் குரலுக்கு அவள் கால் நின்றுவிட்டது. திரும்பினாள், அவளுக்குக் கண் தெரியாத அளவுக்கு நீர் முட்டியிருந்தது.

"கத்துறத நிறுத்து" என்றாள். "கயித்த அவுத்தாச்சு, படல் தெறந்து கெடக்கு. ஒன்ன நான் குடுக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல, களவாங்கவும் இல்ல. காலு இருக்குல்ல? நடந்து வா."

சிட்டான் ஒரு காலை எடுத்தான். எடுத்த காலைக் கீழே வைப்பதற்கு முன், வைக்கலாமா என்று யாரிடமாவது கேட்க வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.